தென்னேரியும் தூர்வாரும் கருவிகளும்: மண்வெட்டி முதல் பேக்ஹோ வரை

தென்னேரி, காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் வட்டத்தில் உள்ள ஓர் ஊர். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிப்பாசனத்தால் வளர்ந்த பழைய ஊர்களில் இதுவும் ஒன்று. இவ்வூரின் ஏரி மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் வைத்து எண்ணப்படுகிறது. 'திரையன் ஏரி' என்ற பெயரே மருவித் தென்னேரி ஆயிற்று என்பது மரபாகச் சொல்லப்படும் விளக்கம். திரையன் என்பது பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான தொண்டைமான் இளந்திரையனைக் குறிக்கும் என்பர்.

ஓர் ஏரியை வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. தூர்வாருவதோ தலைமுறைதோறும் செய்ய வேண்டியது. மழைநீரோடு வரும் வண்டல் ஆண்டுதோறும் ஏரியின் அடியில் படிந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தை மண் பிடித்துக்கொள்கிறது. ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்குப் படிந்த மண்ணின் அளவு 43,560 கன அடி. தமிழ்நாட்டில் மண் கணக்கிடப் பயன்படும் 'யூனிட்' 100 கன அடி கொண்டது. அதன்படி இது சுமார் 435 யூனிட் ஆகும். அந்த மண்ணை அகற்றினால் ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர் நீர் கூடுதலாக நிற்கும். இந்த மண்ணை எந்தக் கருவியால், எவர், எவ்வளவு ஆழம் அள்ளுவது என்ற கேள்வி தொண்டைமண்டலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. டிராக்டரின் பின்புறம் பொருத்தும் பேக்ஹோவுக்கு எந்த இணைப்புக் கருவியை வாங்குவது என்று இன்று ஓர் உழவரோ ஒப்பந்ததாரரோ எடுக்கும் முடிவும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

பல்லவர், சோழர் காலம்

பாலாற்றங்கரையில் பெரிய ஏரிகள் எழுந்தது பல்லவர் காலத்தில். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடுகள், முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் அமைந்த பரமேசுவர தடாகத்தையும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிப்பிடுகின்றன. உத்திரமேரூரின் வயிரமேக தடாகமும் பல்லவர் காலத்தது.

உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபையின் வாரியங்களைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் ஆறு பேர் ஏரி வாரியத்தில் இருந்தனர். அவர்களின் பதவிக்காலம் 360 நாள். தேர்தலில் நிற்போருக்கு வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும், வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் இருக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் இருந்தன. ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் தனிப் பொறுப்பாக, ஆண்டுக்கொருமுறை ஆள் மாறும் பொறுப்பாக இருந்தது என்பதை இக்கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இப்பணிக்கு வேண்டிய பொருளும் தனியே ஒதுக்கப்பட்டது. ஏரிப் பராமரிப்புக்காக விடப்பட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனப்பட்டது. ஏரியில் ஓடம் விட்டு மண் அள்ளுவதற்காகப் பொன்னும் நிலமும் அளிக்கப்பட்ட செய்திகளும் இடைக்காலக் கல்வெட்டுகளில் உள்ளன. கோடையில் ஏரி வற்றும்போது ஆட்கள் இறங்கி வெட்டினர். நீர் நிற்கும் காலத்தில் மதகையொட்டிய ஆழமான பகுதியில் சேரும் சேற்றை ஓடத்தில் ஏற்றிக் கரைசேர்த்தனர். உலர்ந்த மண்ணுக்கு ஒரு முறை, நீருக்கடியில் உள்ள சேற்றுக்கு மற்றொரு முறை என்ற பாகுபாடு அன்றே இருந்தது.

கைக்கருவிகள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தூர்வாரும் வேலை முழுவதும் கைக்கருவிகளால் நடந்தது. இவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருந்தது.

மண்வெட்டி: பேச்சு வழக்கில் மம்பட்டி, மம்முட்டி. வண்டலை வெட்டி இழுக்கவும், கூடையில் அள்ளிப் போடவும், வாய்க்காலின் சரிவைச் செதுக்கவும் பயன்பட்டது. அகன்ற இலை சேற்றுக்கும், குறுகிய இலை இறுகிய மண்ணுக்கும் உகந்தது.

கடப்பாரை: இறுகிய களிமண்ணையும் கல்லையும் நெம்பிப் பெயர்க்க உதவியது.

கூந்தாலி: கடப்பாரையால் நெம்ப முடியாத சுக்கான் பாறையைக் கொத்த உதவியது.

கூடை, தட்டு: மண்ணைக் கரைக்குக் கொண்டு சேர்க்க. தொலைவு மிகுந்தால் கழுதைகளும் மாட்டுவண்டிகளும் பயன்பட்டன.

திமிசு: கரையில் கொட்டிய மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கும் கட்டை. ஆடுமாடுகளைக் கரைமேல் நடக்கவிட்டு இறுக்கும் வழக்கமும் இருந்தது.

ஒரு கூடையில் அரைக் கன அடி மண் பிடிக்கும் என்று கொண்டால், ஒரு யூனிட் மண்ணை அகற்ற 200 முறை கூடை சுமக்க வேண்டும். ஓர் ஏக்கரில் ஓர் அடி வண்டலை அகற்ற 87,000 கூடைகளுக்கு மேல் ஆகும். எனவே முழு ஏரியையும் ஒரே கோடையில் தூர்வாரும் எண்ணமே எழவில்லை. எந்தப் பகுதியில் வண்டல் மிகுதியோ அங்கே மட்டும், வயலுக்கு எருவாகத் தேவைப்படும் அளவு மட்டும் ஆண்டுதோறும் எடுக்கப்பட்டது. வேலையின் கடுமையே தோண்டும் ஆழத்துக்கும் ஓர் எல்லையாக அமைந்தது.

குடிமராமத்தும் அதன் தளர்ச்சியும்

ஏரிப்பாசனத்தால் பயன்பெறும் குடிகள் தாமே உழைப்பைத் தந்து கரை, மதகு, வாய்க்கால்களைச் சீர்செய்யும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஆற்காடு நவாபிடமிருந்து 1763-ல் செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்திய கம்பெனியிடம் வந்தது. அப்பகுதியில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பு ஏறத்தாழ 2,000 ஊர்களைப் பற்றிய விவரங்களைத் தருகிறது. கோயில், கணக்கர், கொல்லர், தச்சர், காவல் என ஊரின் ஒவ்வொரு பணிக்கும் விளைச்சலிலிருந்து பங்கு ஒதுக்கப்பட்டதை அதில் காணலாம். ஏரிக்கும் அப்படியொரு பங்கு இருந்தது.

கம்பெனி ஆட்சியில் இத்தகைய பங்குகளும் இறையிலி நிலங்களும் பெருமளவில் அரசின் வருவாய்க்குள் கொண்டுவரப்பட்டன. ஏரிக்கான பொருள் ஊரின் கையை விட்டுப் போனது. ஆனால் உழைப்பை மட்டும் ஊர் தர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1858-ன் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்துக் காலத்தில் ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான மராமத்து உழைப்பைத் தராதவரிடம் தொகை வசூலிக்கவும் வழிசெய்தது. சட்டத்தால் பழைய வழக்கத்தை மீட்க இயலவில்லை. 1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பின், 1883-ல் சென்னை மாகாண அரசு ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கி, ஏரிகளை அளந்து, கரை உயரம், மதகு, கலங்கல் ஆகியவற்றுக்கு அளவுகளை வகுத்தது.

விடுதலைக்குப் பின் பொறுப்பு இரண்டாகப் பிரிந்தது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் ஏரியை நம்பிய உழவர்களின் எண்ணிக்கை குறைந்தது. தூர்வாரும் வேலை ஊரின் பருவப் பணி என்ற நிலையிலிருந்து ஒப்பந்தப் பணியாக மாறியது. இயந்திரம் ஏரிக்குள் இறங்கியது இந்தக் கட்டத்தில்தான்.

பேக்ஹோவின் தோற்றம்

மண் அள்ளும் இயந்திரங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மண்ணை முன்னோக்கித் தள்ளி அள்ளுவது. மற்றொன்று கையை நீட்டி மண்ணைத் தன் பக்கம் இழுத்து அள்ளுவது. இரண்டாவது வகையே பேக்ஹோ. அதன் இயக்கம் மண்வெட்டி பிடிப்பவரின் இயக்கத்தை ஒத்தது: ஓங்கி, வெட்டி, தன்னை நோக்கி இழுப்பது. நிற்கும் இடத்துக்குக் கீழே உள்ள மண்ணை எடுக்க இதுவே ஏற்றது என்பதால், கரைமேல் நின்று வாய்க்காலை வெட்டும் பணிக்கு இது பொருந்தியது.

டிராக்டரின் பின்புறம் ஹைட்ராலிக் விசையால் இயங்கும் பேக்ஹோவைப் பொருத்தும் முறை அமெரிக்காவில் 1940-களின் இறுதியில் உருவானது. வெய்னோ ஹோலோபைனன், ராய் ஹேண்டி ஆகிய இருவர் வடிவமைத்த 'வெய்ன்-ராய்' பேக்ஹோ ஃபோர்டு டிராக்டரில் பொருத்தப்பட்டு 1948-ல் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945-ல் தொடங்கிய நிறுவனம், 1953-ல் முன்புறம் அள்ளும் தட்டும் பின்புறம் தோண்டும் கையும் ஒரே டிராக்டரில் அமைந்த இயந்திரத்தை வெளியிட்டது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளே ஜேசிபி. அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1957-ல் இரண்டையும் ஆலையிலேயே ஒன்றாக இணைத்துத் தயாரித்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக ஜேசிபி 1979-ல் ஹரியானாவின் பல்லப்கரில் உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் உழவர்களிடையே பரவின. அத்தகைய டிராக்டர்களிலேயே பேக்ஹோ பொருத்தி வாடகைக்கு விடும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது. திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மண்வேலை இயந்திர ஆலை கேட்டர்பில்லர் வசம் சென்றது.

தமிழில் இந்த இயந்திரங்களின் பெயர்கள் நிறுவனப் பெயர்களிலிருந்து வந்தவை. நான்கு சக்கரமும் இரு முனைகளிலும் கருவியும் கொண்டதை எந்த நிறுவனம் செய்தாலும் மக்கள் 'ஜேசிபி' என்கின்றனர். நாளிதழ்கள் எழுதும் 'பொக்லைன்' என்ற சொல், 1951-ல் ஹைட்ராலிக் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். இந்தியாவில் அதன் இயந்திரங்களை லார்சன் அண்ட் டூப்ரோ தயாரித்தது. சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து செல்லும் பெரிய இயந்திரம் பேச்சு வழக்கில் 'ஹிட்டாச்சி'.

இணைப்புக் கருவிகளும் ஏரி வேலையும்

பேக்ஹோவின் கை ஒன்றுதான். அதன் நுனியில் மாட்டும் கருவி மாறும்போது வேலையும் மாறுகிறது. ஏரி, வாய்க்கால் பணிகளில் பயன்படும் முக்கிய இணைப்புகள் பின்வருமாறு.

பல் வைத்த பக்கெட்: இயந்திரத்தோடு வரும் பொதுவான பக்கெட். இறுகிய மண்ணைக் கிழித்து எடுக்கும். பழைய கருவிகளில் இது கடப்பாரையும் மண்வெட்டியும் சேர்ந்த இடத்தைப் பிடிக்கிறது. சீமைக் கருவேலத்தை வேரோடு பெயர்க்கவும் இதுவே உதவுகிறது. அம்மரத்தை மேலோடு வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். நீர்நிலைகளிலிருந்து அதனை அகற்ற 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, பல ஊர்களில் இவ்வேலைக்கு இறங்கியது ஜேசிபிதான்.

பல் இல்லாத அகலப் பக்கெட்: வாய் அகன்று, விளிம்பு நேராக இருக்கும். தளர்ந்த வண்டலை வழித்தெடுக்கவும், வரத்துக் கால்வாயின் அடியைச் சமமாக்கவும், கரைச் சரிவைச் செதுக்கவும் ஏற்றது. அகன்ற இலை கொண்ட மண்வெட்டியின் வேலையை இது செய்கிறது.

குறுகிய பக்கெட்: குழாய் பதிக்கவும், வயல் வாய்க்கால் எடுக்கவும் பயன்படும். தேவைக்கு மேல் அகலமாகத் தோண்டாததால் மண்ணும் டீசலும் மிச்சமாகும்.

சரிவுப் பக்கெட்: மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். வாய்க்காலை ஒரே இழுப்பில் சரிவான பக்கங்களோடு வெட்டித் தரும். செங்குத்தாக வெட்டிய வாய்க்காலின் பக்கங்கள் முதல் மழையிலேயே சரிந்துவிடும் என்பதால் இது பயனுள்ளது.

பிரேக்கர்: பாறையையும் பழைய காரையையும் உடைக்கும் கருவி. பழுதடைந்த மதகு, கலங்கல்களை எடுத்துக் கட்டும்போது தேவைப்படும். அதன் அதிர்வு அருகிலுள்ள பழங்கட்டுமானத்தைத் தளர்த்தக்கூடும். ஆகவே கல்வெட்டுள்ள தூம்புகள் இருக்கும் ஏரிகளில் கையால் பிரிப்பதே பாதுகாப்பு.

துளையிடும் கருவி: கரையோரம் பனை, மரக்கன்று நடவும், வேலிக்கால் நாட்டவும் குழி போடும்.

முன்புற அள்ளும் தட்டு: வெட்டிக் குவித்த மண்ணை டிராக்டரிலோ டிப்பரிலோ ஏற்றுவது இதன் வேலை. ஏரி தூர்வாரலில் கூலியும் நேரமும் பெரிதும் செலவாவது ஏற்றுவதில்தான். வழக்கமான பின்பக்கெட் ஏறத்தாழ கால் கன மீட்டர் மண் கொள்ளும். முன்தட்டு சுமார் ஒரு கன மீட்டர் கொள்ளும். ஒரு யூனிட் என்பது 2.83 கன மீட்டர். அதைப் பின்பக்கெட்டால் ஏற்ற 11 அல்லது 12 முறை அள்ள வேண்டும். முன்தட்டால் மூன்று முறை போதும்.

உழவு டிராக்டரில் பேக்ஹோ பொருத்துவோர் கவனிக்க வேண்டியவை வேறு. டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பில் மட்டும் மாட்டினால், தோண்டும் விசை முழுவதும் பின் அச்சுக் கூட்டின்மேல் விழுந்து விரிசல் ஏற்படுத்தக்கூடும். முன் அச்சு வரை நீளும் தனிச் சட்டம் அந்த விசையைப் பகிர்ந்துகொள்ளும். டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக் பம்பு தரும் எண்ணெய் ஓட்டம் போதாதபோது, பி.டி.ஓ. தண்டில் இயங்கும் தனிப் பம்பு வேண்டும். பிரேக்கர் போன்ற கருவிகளுக்குக் கூடுதல் எண்ணெய்க் குழாயும் தேவை. ஆண்டில் சில நாள் மட்டுமே தேவைப்படும் பிரேக்கரை வாடகைக்கு எடுத்து, நாள்தோறும் உதவும் அகலப் பக்கெட்டை வாங்குவது சிறு உழவருக்குக் கட்டுப்படியாகும். முள் மாற்றிக் கருவியை எளிதில் கழற்றி மாட்டும் இணைப்பான் இருந்தால்தான் பல கருவிகள் வைத்திருப்பதில் பொருள் உண்டு. இல்லையேல் ஓட்டுநர் மாட்டியிருக்கும் பல் பக்கெட்டாலேயே எல்லா வேலையையும் முடித்துவிடுவார்.

தவறான கருவியின் விளைவுகள்

பழைய ஏரிகளின் அடியில் வண்டலும் களியும் படிந்து நீர் எளிதில் இறங்காத ஒரு படுகை உருவாகியிருக்கும். மேலே உள்ள தளர்ந்த வண்டலை எடுத்தால் கொள்ளளவு கூடும். பல் பக்கெட்டால் ஆழமாகத் தோண்டிப் படுகையைக் கிழித்து அடியிலுள்ள மணலை எட்டினால், அங்கே நிற்கும் நீர் விரைவில் இறங்கிவிடும். நிலத்தடி நீருக்கு அது பயன்படலாம். ஆனால் மதகு வழியே பாயும் வயலுக்கு நீர் கிடைக்காது. மேலும், மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் தேங்கும் நீர் வாய்க்காலுக்கு ஏறாது. கால்நடைகளுக்குக் குடிநீராக உதவும் என்றாலும், செங்குத்தான பள்ளங்கள் நீர் நிறைந்தபின் கண்ணுக்குத் தெரியாமல், இறங்குபவர்களின் உயிருக்கு ஆபத்தாகின்றன.

கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டுவது இன்னொரு பிழை. மண்ணைக் கரைமேல் போட வசதி என்பதால் இயந்திரம் அங்கேயே நிறுத்தப்படுகிறது. கரையின் கால் அரிக்கப்பட்டால், மழைக்காலத்தில் நீரழுத்தம் கூடும்போது கரை சரியும். கொட்டிய மண்ணைப் பேக்ஹோவால் முறையாக இறுக்க முடியாது. பக்கெட்டின் முதுகால் தட்டுவது மேற்பரப்பை மட்டுமே சமமாக்கும். திமிசின் இடத்தை நிரப்ப உருளை வேண்டும், மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பவும் வேண்டும். 2015-ன் நவம்பர், டிசம்பர் மாதப் பெருமழை காஞ்சிபுரம், சென்னைப் பகுதிகளின் ஏரிகளை நிரப்பி வழியச் செய்தபோது, கரையின் வலிமையும் வரத்து, போக்குக் கால்வாய்களின் அகலமும் எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

வேலை யாருக்கு?

இயந்திரம் வந்தபின் எழுந்த மற்றொரு கேள்வி கூலியைப் பற்றியது. 2005-ன் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், கூலிக்கும் பொருளுக்கும் 60:40 என்ற விகிதத்தை வகுத்தது. ஒப்பந்ததாரர்களை விலக்கியது. கூடுமானவரை உடலுழைப்புக்கு மாற்றாக இயந்திரம் பயன்படுத்தக் கூடாது என்றும் கூறியது. 'நூறு நாள் வேலை' என மக்கள் அழைத்த இத்திட்டத்தில் ஏரி, குளம், வாய்க்கால் பணிகள் பெரும்பங்கு வகித்தன. வேலைக்கு வந்தவர்களில் பெண்களே மிகுதி. கையால் செய்யும் வேலை ஊருக்குள் கூலியைத் தந்தது. ஆனால் பெரிய ஏரியில் ஆழமான வண்டலை அகற்ற அது போதவில்லை.

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைக் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் தொடங்கியது. பாசனதாரர் சங்கங்கள் வழியே பணி நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஏரி வண்டலை உழவர்கள் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும் நடைமுறையும் விரிவாக்கப்பட்டது. ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டரும் புஞ்சைக்கு 90 கன மீட்டரும் அளவாக வைக்கப்பட்டன. 75 கன மீட்டர் என்பது ஏறத்தாழ 26 யூனிட். வண்டல் மீண்டும் வயலுக்குப் போகும் இம்முறை பழைய வழக்கத்துக்கு நெருக்கமானது. ஆனால் பழைய குடிமராமத்தில் ஊரார் தந்தது உழைப்பு. புதியதில் வேலையைச் செய்தது பெரும்பாலும் வாடகை இயந்திரம். எவ்வளவு ஆழம், எந்த இடம், எந்தப் பக்கெட் என்பதை மேற்பார்வையிட ஊரில் ஆள் இல்லாத இடங்களில், தூர்வாரல் என்ற பெயரில் செங்கல் சூளைக்கும் மனை நிரப்பவும் மண் போவதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன.

கருவியும் பொறுப்பும்

உத்திரமேரூர் ஏரி வாரியத்தின் ஆறு பேருக்கு ஓடமும் மண்வெட்டியும் கூடையுமே இருந்தன. இன்று ஒரு ஜேசிபி ஒரே நாளில் அள்ளும் மண்ணை அவர்கள் காலத்தில் அள்ள நூற்றுக்கணக்கானோர் வேண்டும். ஆனால் தோண்டும் இடத்தையும் நிறுத்தும் ஆழத்தையும் முடிவுசெய்ய அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. அந்த ஏரியின் நீரில் விளைந்ததை உண்டதால், முடிவு தவறினால் இழப்பும் அவர்களுக்கே. கைக்கருவியின் காலத்தில் உடல் களைப்பு இட்ட எல்லையை, இயந்திரத்தின் காலத்தில் அளவுக்கோலும் மேற்பார்வையும்தான் இட வேண்டும்.

தென்னேரி போன்ற ஏரிகளில் அதற்கான நடைமுறை எளிதானது. கோடையில் வேலை தொடங்கும் முன் மதகின் அடிமட்டத்தைக் குறித்துக்கொள்வது, வண்டல் எவ்வளவு ஆழம் உள்ளது என்று சில இடங்களில் குழி எடுத்துப் பார்ப்பது, கரையிலிருந்து விலகியே தோண்டுவது, தளர்ந்த வண்டலுக்குப் பல் இல்லாத அகலப் பக்கெட்டை மாட்டச் சொல்வது, பல் பக்கெட்டை முள்மரங்களுக்கும் இறுகிய கால்வாய்க்கும் மட்டும் வைத்துக்கொள்வது, ஏற்றும் வேலையை முன்தட்டிடம் விடுவது, கரைமண்ணை உருளையால் இறுக்குவது. இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. வேலை நடக்கும் நாட்களில் கரைமேல் நின்று, எந்தப் பக்கெட் மாட்டியிருக்கிறது என்று கேட்க ஊராரில் சிலர் இருந்தால் போதும்.